பாலில மருந்து!

"அல்லாஹ்வே...!"

சபியா உம்மாவின் அலறல் கலியாணப் பந்தலைக் கிழித்துக்கொண்டு போனது!

அலறாமல் என்ன செய்வாள்? சம்பந்தியின் தலையில் பால் கொட்டியிருந்தது. கொட்டியவர் வேறு யாருமல்ல... அவளுடைய புருஷன், வயலும் மாட்டுப் பட்டியும் உள்ள மீராமுகைதீன் போடியார்!

போடியார் வீட்டு எருமைத் தயிருக்குக் கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் ஒரு பெயர் இருந்தது. சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. அவருடைய வாப்பா, ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் தொப்பிக்கு மேலேயே சட்டியைக் கவிழ்த்துக் காட்டியவர். அன்றிலிருந்து அந்த வீட்டில் அது ஒரு மரியாதை. பெரிய விருந்தாளி வந்தால் தலைக்கு மேலே ஒரு சட்டி கவிழும்.

இன்று மகள் கமீலாவின் நிக்காஹ். மாப்பிள்ளையின் தகப்பன், பாமசி முதலாளி அச்சிமுகம்மது, கூறைப்பெட்டியோடு அக்கரைப்பற்றிலிருந்து காரில் வந்து இறங்கினார். போடியார் வழக்கம்போலச் சட்டியைத் தூக்கினார்.

கவிழ்த்தார்.

விழுந்தது...!

தயிர் அல்ல. பால். தண்ணீராய் ஓடும் பால்!

"என்ன போடியார் இது? நான் கலியாணத்துக்கு வந்தனா, சலூனுக்கு வந்தனா?" அச்சிமுகம்மது தலையைத் துடைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

போடியார் அடுத்த சட்டியின் மூடியைத் திறந்தார். பால்.

அதற்கடுத்த சட்டி. பால்!

"நேத்து அந்திக்கு என்ட கையாலதான் உறை ஊத்தினன்!" சபியா உம்மா நெஞ்சில் கை வைத்தாள். "ஒரு சட்டி கூட உறையல்ல! ஊரே சாப்பிட வரப் போகுது. நான் என்னத்த வைக்கிற?"

"ஆதம்பாவா!"

போடியார் உறுமினார். சபியா உம்மாவின் தம்பி ஆதம்பாவா ஓடி வந்தான். பட்டியையும் பாலையும் பார்ப்பவன் அவன்தான்.

"பால் எங்க கறந்தது?"

"நம்மட பட்டியிலதான் மச்சான்..."

"பின்ன ஏன் உறையல்ல?"

ஆதம்பாவா திறந்த சட்டிகளை ஒவ்வொன்றாய் மூடத் தொடங்கினான்.

அந்த நேரம்...

ஒரு ட்ரக்டர் வாசலில் குலுங்கி நின்றது. ஓட்டி வந்தவரைப் பந்தலே திரும்பிப் பார்த்தது. அப்துல் ஹமீட் போடியார்! பக்கத்துப் பட்டிக்காரர். தன் மகனுக்குக் கமீலாவைக் கேட்டு, மீராமுகைதீன் முகத்துக்கு நேரே மறுத்ததால் வாசல் படலைக்கு உள்ளே கால் வைக்காதவர்.

"போடியார்! உங்கட தம்பிமுத்து!" என்று கத்தினார் ஹமீட். "பட்டியில விழுந்து கிடந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறன். உங்களக் காணாமப் போக மாட்டானாம்!"

ட்ரக்டர் பெட்டியில் வைக்கோலுக்கு மேலே தம்பிமுத்து. ஆலையடிவேம்புக்காரன், பட்டியில் பால் கறப்பவன். போடியாரின் எருமைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரே மனிதன். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. வலது கை சாக்குத் துணியால் சுற்றப்பட்டிருந்தது.

போடியார் குனிந்தார்.

"என்னடா தம்பிமுத்து? என்ன செய்யுது?"

"போடியார்... கலியாணத்துக்கு அந்தப் பாலைக்... குடுக்காதீங்க..."

"ஏன்டா?"

"பாலில... மருந்து..."

அவ்வளவுதான். தலை சாய்ந்தது. கண்கள் திறந்தபடியே நின்றன!

கூட்டம் ட்ரக்டரைச் சூழ்ந்துகொண்டது.

"நஞ்சு!"

கத்தியவர் அச்சிமுகம்மது!

"கேட்டீங்களா எல்லாரும்? பாலில நஞ்சு வெச்சிரிக்கி! அதான் உறையல்ல! பாலக் குடிச்ச இவன் மௌத்து!"

வயற்காட்டு ஊரில் மருந்து என்ற சொல்லுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. வேளாண்மைக்கு அடிப்பது மருந்து. வாழ்க்கை வெறுத்தவன் குடிப்பதும் அதே மருந்து. கிடாரம் வைத்த சமையற்காரர்கள் அகப்பையைப் போட்டார்கள். காலையில் பால் தேத்தண்ணீர் குடித்த கிழவர் ஒருவர் வாய்க்குள் விரலை விட்டு ஓங்காளித்தார்!

"ஆர் செஞ்சிருப்பான்?" அச்சிமுகம்மதின் விரல் ட்ரக்டர் பக்கம் நீண்டது. "பொண் குடுக்கல்லையெண்டு வயிறெரிஞ்சவன் ஆர்? பக்கத்துப் பட்டிக்காரன் ஆர்? பிரேதத்தையும் அவனே கொண்டு வந்திரிக்கான்!"

"வாயக் கழுவுங்க ஹாஜியார்!" ஹமீட் ட்ரக்டரிலிருந்து குதித்தார். "நான் ஏத்தி வரல்லையெண்டா அவன் பட்டியிலயே கிடந்து நாறியிருப்பான்!"

மீராமுகைதீன் போடியார் ஹமீட்டைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பாதி சந்தேகம் இருந்தது. மீதி, பழைய பகை.

பிறகு உள்ளே போய் டெலிபோனைச் சுழற்றினார். பொலிசுக்கு ஒன்று. ஆஸ்பத்திரிக்கு ஒன்று.

◆

இன்ஸ்பெக்டர் ஜவுபரின் ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது. அதே ஜீப்பில் டொக்டர் அழகரெத்தினம்.

டொக்டரைக் கண்டதும் போடியாரின் முகம் இறுகியது. இந்த மனிதர் சில மாதங்களுக்கு முன்னால் இதே வாசலுக்கு வந்தவர்.

"வயல் பக்கமிருந்து வாற காயக்காரருக்குப் பென்சிலின் வேலை செய்யுதில்ல போடியார். பட்டிகளிலயும் அதே கிருமி இருக்கோ எண்டு பாக்கிறன். ஒவ்வொரு பட்டியிலயும் ஒரு போத்தல் பால் எடுக்கிறன். உங்கட பட்டியிலயும் ஒண்டு தாங்க."

"என்ட மாட்டுக்கு நோய் எண்டு ஊருக்குச் சொல்லப் போறீங்களா?" என்று போடியார் படலையைக் காட்டியிருந்தார். ஹமீட் கொடுத்திருந்தார். மற்றப் பட்டிக்காரர்களும் கொடுத்திருந்தார்கள். மீராமுகைதீன் போடியார் மட்டும் கொடுக்கவில்லை.

டொக்டர் நேரே ட்ரக்டர் பெட்டியில் ஏறினார்.

இன்ஸ்பெக்டரின் கையில் விலங்கு ஆடியது.

"ஹமீட் போடியார், கொஞ்சம் ஜீப்பில ஏறி இருங்க."

"என்னையா? நான் என்ன செஞ்சன் சேர்?"

"ஒண்டும் செய்யல்லையெண்டா ஜீப் கடிக்காது. ஏறுங்க."

ஹமீட் ஏறினார். ஏறும்போது மீராமுகைதீன் முகத்தைப் பார்த்தார். "நீங்களும் நம்புறீங்களா?" என்று கேட்டது அந்தப் பார்வை.

போடியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் கெளம்புறன் போடியார்!" அச்சிமுகம்மது கூறைப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கினார். "நஞ்சு வெச்ச வீட்டில என்ட மகன் கால் வைக்க மாட்டான். நிக்காஹ் இல்ல!"

வீட்டுக்குள்ளே பெண்கள் பக்கத்தில் ஒரு விம்மல் கேட்டது. கமீலா!

மீராமுகைதீன் போடியார் நிமிர்ந்தார். அறுபது வயதுக்கும் வளையாத முதுகு அது.

"சம்பந்தி... என்ட வீட்டுப் பாலில நஞ்சா?"

"செத்தவனே சொன்னான்!"

"என்ட வாப்பா பேரில இந்த வீட்டுப் பாலை ஊரே குடிச்சிரிக்கி. இதில நஞ்செண்டா, முதல்ல நான் சாகிறன். அதுக்குப் பிறகு நீங்க கெளம்புங்க!"

ஒரு சட்டியை இரண்டு கையாலும் தூக்கினார்.

"வாப்பா! வேணாம்!" உள்ளேயிருந்து கமீலா கத்தினாள்.

"போடியார், நில்லுங்க!" ட்ரக்டரிலிருந்து டொக்டர் கத்தினார்.

"பிஸ்மில்லாஹ்!"

மடமடவென்று குடித்தார்! மீசையில் பால் வழிந்தது. வெறும் சட்டியைக் கவிழ்த்துக் காட்டினார்.

"பாத்தீங்களா? நிக்கிறன்! ஒண்டும்..."

வார்த்தை பாதியில் நின்றது.

உள்ளங்கை அரித்தது. பிறகு கழுத்து. உதடு அவருடைய உதடாக இல்லை. வேறு யாரோ ஒருவரின் தடித்த உதட்டை முகத்தில் ஒட்டியது போலிருந்தது. மூச்சை இழுத்தார்... அது தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போனது!

பந்தல் சுழன்றது. வாழைமரம் தலைகீழானது.

"நஞ்சு! நான் சொன்னன்தானே!" தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல அச்சிமுகம்மதின் குரல்.

போடியார் சரிந்தார். யாரோ தாங்கினார்கள். தொடையில் சுரீரென்று ஓர் ஊசி இறங்கியது.

"மூச்ச இழுங்க! இழுங்க போடியார்! என்னப் பாருங்க!" டொக்டரின் முகம் மிக அருகில். "உம்மா, கெதியாச் சொல்லுங்க! இவருக்கு முந்தி ஏதும் ஊசி ஒத்துக்கொள்ளாமப் போனதா?"

"ஓம் டாக்குத்தர்!" சபியா உம்மா அழுதாள். "சூறாவளி அடிச்ச வருஷம் பறந்து வந்த தகரம் கால வெட்டிச்சு. பென்சிலின் போட்டாங்க. இதே மாதிரித்தான் ஊதினார்! கபன் துணி வாங்க ஆள் அனுப்பப் பாத்தம்!"

டொக்டரின் கை ஒரு கணம் அப்படியே நின்றது.

"பென்சிலினா...?"

மெல்ல மெல்லக் காற்று உள்ளே போனது. போடியார் இருமினார். உயிர் திரும்பி வந்து உட்கார்ந்தது.

டொக்டர் எழுந்தார். சட்டிகளைப் பார்த்தார். பிறகு பிரேதத்தைப் பார்த்தார்.

"இன்ஸ்பெக்டர், ஹமீட் போடியாரை இறக்கி விடுங்க. பாலில நஞ்சு இல்ல."

"அப்ப என்ன இருக்கு?"

"பென்சிலின்!"

"ஊசி மருந்தா? பாலிலயா?"

"ஓம். பாலை உறைய வைக்கிறதும் ஒரு கிருமிதான், நல்ல கிருமி. எருமைக்குப் பென்சிலின் ஏத்தினா அது பாலில இறங்கும். அந்தப் பாலில உறை ஊத்தினா, உறையில இருக்கிற கிருமி செத்துப்போகும். அப்ப தயிர் எப்பிடி வரும்? தம்பிமுத்து சொன்ன மருந்து, வயலுக்கு அடிக்கிற மருந்தில்ல. ஆஸ்பத்திரி மருந்து!"

"சரி டொக்டர்..." இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். "அப்ப தம்பிமுத்துவைக் கொன்றது ஆர்?"

டொக்டர் சாக்குத் துணியை அவிழ்த்தார்.

கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கியது. விரல் நுனியில் ஒரு சின்னக் கத்தி வெட்டு. அங்கிருந்து தோள் வரைக்கும் கை கறுத்து வீங்கியிருந்தது.

"பால் கறக்கிற கை. வெட்டுக்குள்ளால கிருமி ஏறியிருக்கு. இஞ்ச பாருங்க... மேல் கையில ஊசி குத்தின தடம். ஒரு தடமில்ல, பல தடம். ஆரோ இவனுக்கும் மருந்து ஏத்தியிருக்கினம். ஆனா கேக்கல்ல. ஏன் கேக்கல்ல...?"

க்ரிங்... க்ரிங்...!

உள்ளே டெலிபோன் அலறியது!

"டொக்டருக்காம்! ஆஸ்பத்திரியில இருந்து!" என்று யாரோ கத்தினார்கள்.

டொக்டர் ஓடினார். சாய்மனைக் கதிரையில் கிடந்த போடியாருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"ஓம்... கொழும்பு ட்ரங்க் கோல் வந்ததா? சொல்லுங்க... வட்டம் விழல்லையா? ஆக்களிட சீழ்லயும் விழல்லையா? கடைசியாப் போன போத்தல் பாலிலயும்...?"

டொக்டர் திரும்பி வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"போடியார், சீழையும் பாலையும் கொழும்புக்கு அனுப்பினனான். கிருமியத் தட்டில வளர்த்து நடுவில மருந்தை வைப்பினம். மருந்து வேலை செய்தா, அதைச் சுத்தி வெறும் வட்டம் விழும். ஆஸ்பத்திரிக் காயக்காரருக்கு வட்டம் விழல்ல. அதே கிருமி ஒரு பட்டிப் பாலிலயும் இருந்திருக்கு. அதுக்கும் விழல்ல. மற்றப் பட்டி எல்லாம் சுத்தம்."

"எந்தப் பட்டி?" போடியாரின் தடித்த உதடு அசைந்தது.

"உங்கட பட்டி."

"பொய்! நான் பால் தரல்ல!"

"நீங்க தரல்ல. தம்பிமுத்து தந்தான். 'போடியாருக்குச் சொல்லாதீங்க ஐயா, ஆனா பட்டியில என்னவோ நடக்குது' எண்டான். பாதி மருந்தைப் பாதி நாளைக்குப் போட்டுப் போட்டு ஆரோ அந்தக் கிருமிக்குப் பள்ளிக்கூடம் நடத்தியிருக்கினம். அது படிச்சுப் பாஸ் பண்ணிட்டுது. இனி அதுக்குப் பென்சிலின் பச்சத் தண்ணி. தம்பிமுத்துவைக் கொன்றது அதுதான்!"

பந்தலின் ஓரத்தில் ஆதம்பாவா மெல்ல நகர்ந்தான்.

"ஆதம்பாவா." போடியாரின் குரல் உயரவில்லை. "வா இஞ்ச."

வந்தான். காலடியில் பொத்தென்று விழுந்தான்.

"மச்சான்...! சூறாவளியில பாதிப் பட்டி போச்சு. மிச்ச எருமைக்கு மடி வீங்கிச்சு. மாட்டு டாக்குத்தரக் கூப்பிட்டா ஊருக்குத் தெரிஞ்சிரும். உங்கட மானம் போயிரும். அதான் நானே ஊசி போட்டன். ஊசி போட்ட எருமைட பாலைக் கன்டுக்குட்டி குடிக்க விட்டன், வீட்டுக்கு எடுக்கல்ல. கலியாணத்துக்குப் பால் காணல்ல, அளவு குறைஞ்சிச்சு... அதையும் சேத்துக் கறந்துட்டன்!"

"தம்பிமுத்துவுக்கு?"

"அவனுக்கும் அதே ஊசிதான்... கலியாணம் முடியட்டும், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவமெண்டன்..."

போடியார் கண்ணை மூடினார். 'உங்கட மானம்' என்ற சொல் காதுக்குள் நின்றது. மருந்து என்ற சொல்லைவிட அது கசந்தது. அன்று டொக்டருக்குப் படலையைக் காட்டிய கை அவருடைய கைதானே? ஒரு போத்தல் பால்தானே கேட்டார் அந்த மனிதர்?

இன்ஸ்பெக்டர் குனிந்தார். "டொக்டர் எழுதித் தாற துண்டு இல்லாமப் பென்சிலின் விக்க ஏலாது. உனக்குத் தந்தது ஆர்?"

ஆதம்பாவா தரையையே பார்த்தான்.

"சொல்லுடா! எந்தப் பாமசி?"

ஆதம்பாவா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"சரி, நேரம் போகுது..." அச்சிமுகம்மது கனைத்தார். "நஞ்சில்லையெண்டா சந்தோஷம். நான் போய் மாப்பிள்ளையக் கூட்டி வாறன்." கார்ச் சாவியைத் தேடினார்.

போடியாரின் கண் திறந்தது.

"நில்லுங்க சம்பந்தி."

"என்ன?"

"தம்பிமுத்து சொன்ன சொல் என்ன?"

"நஞ்... மருந்து."

"ஓம், மருந்து. அதை நஞ்செண்டு முதல்ல கத்தின வாய் ஆருட வாய்?"

"அது... எல்லாரும் அப்பிடித்தானே..."

"எல்லாரும் கத்தினது உங்களுக்குப் பிறகு." போடியார் கதிரையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தள்ளாடினார். ஆனால் முதுகு வளையவில்லை. "நான் வயற்காரன். மருந்தெண்டா எனக்கு வயல் மருந்துதான் ஞாபகம் வரும். நீங்க அக்கரைப்பற்றில பாமசி வெச்சிரிக்கிற மனிசன். காலம்பற எழும்பினா மருந்து, படுக்கப் போனா மருந்து. ஊரில மருந்தெண்டா மருந்தெண்டே விளங்கிற ஒரே ஆள் நீங்கதான். உங்களுக்கு மட்டும் எப்பிடி சம்பந்தி அது நஞ்சாக் கேட்டிச்சு?"

அச்சிமுகம்மதின் முகத்தில் இரத்தம் இல்லை!

"விளங்கினதாலதான் கத்தினீங்க. ஹமீட்டப் பிடிச்சிக் குடுத்தா, ஒருத்தரும் பாமசிப் பக்கம் வர மாட்டாங்க!"

"பொய்! மச்சானும் மச்சானும் சேந்து..."

"பொய்யில்ல மச்சான்!" ஆதம்பாவா வெடித்தான். "இவர்தான் தந்தார்! பாதியாப் போடு, அது காணுமெண்டார். தம்பிமுத்துட கை வீங்கின உடனே ஓடிப்போய்க் கேட்டன். 'ஆஸ்பத்திரிக்கு அனுப்பாத, மருந்து எங்கால வந்ததெண்டு கேப்பாங்க. என்ட மகன்ட கலியாணம் முடியட்டும்' எண்டார்! உங்கட சம்பந்தியாச்சேயெண்டு வாய மூடிட்டிருந்தன்!"

அச்சிமுகம்மது ஓடினார்!

காருக்குப் போய்ச் சேரவில்லை. ஜீப்பிலிருந்து இறங்கி நின்ற ஹமீட் போடியார் காலைக் குறுக்கே நீட்டினார். கூறைப்பெட்டி ஒரு பக்கம். ஹாஜியார் ஒரு பக்கம்!

க்ளிக். விலங்கு பூட்டியது.

"நீயும் ஏறு ஆதம்பாவா," என்றார் போடியார்.

"மச்சான்... நான் உங்கட மானத்துக்காக..."

"எனக்காகச் செஞ்சாய். அதான் நானே ஏறச் சொல்றன்."

சபியா உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பிக்காக ஒரு சொல் கேட்கவில்லை.

கதவுக்குப் பின்னாலிருந்து கமீலாவின் குரல் வந்தது. அழுகை இல்லாத குரல்.

"வாப்பா, மாப்பிள்ள வாத்தியார். அவர் மருந்து விக்கல்ல."

போடியார் திரும்பவில்லை.

"முதல்ல தம்பிமுத்து அவன்ட வீட்டுக்குப் போகட்டும். நான் கூடப் போறன். அவன்ட ஆக்கள் என்ன கேட்டாலும் நான்தான் பதில் சொல்ல வேணும். மாப்பிள்ளைக்குச் சம்மதமெண்டா நிக்காஹ் நாளைக்கு." பிறகு டொக்டரைப் பார்த்தார். "உங்கட போத்தல எடுத்துக்கொண்டு பட்டிக்குப் போங்க. எந்த எருமையிலயும் கறங்க. நோயெண்டா நோயெண்டே எழுதுங்க."

ஹமீட் பக்கம் திரும்பினார். மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அந்தப் பரம்பரையில் இல்லை.

"ஹமீட்... உன்ட பட்டியில தயிர் இரிக்கா?"

ஹமீட் சிரித்தார். "கவிழ்த்தா விழாது போடியார்."

ஜீப் உறுமியது. உள்ளேயிருந்து அச்சிமுகம்மது தலையை நீட்டினார்.

"போடியார்! எவ்வளவு செஞ்சாலும் நான் மாப்பிள்ளைட வாப்பா! நாளைக்கு என்ட மகன்ட கலியாணச் சாப்பாடு எனக்கில்லையா?"

"ஏன் இல்ல சம்பந்தி? ஸ்டேசனுக்கே அனுப்புறன்!" போடியார் மீசையில் காய்ந்த பாலைத் துடைத்தார். "தயிர் மட்டும் ஹமீட் வீட்டுத் தயிர். என்ட வீட்டுத் தயிர் திங்கிறதெண்டா இனி டாக்குத்தர்ட துண்டு வேணும்!"